காலநிலைக் கடனில் சேரிக்கு எந்தக் கட்டம்?

உலகம் சூடாகிறது, அதைத் தணிக்கப் பணம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். எவன் ஊட்டுப் பணம், யார் பேருக்கு வருது, யார் திருப்பிக் கட்டுறது என்று கேட்டால் மட்டும், ‘இதெல்லாம் பெரிய விசயம், உங்களுக்குப் புரியாது’ என்கிறார்கள். மணியம் கர்ணம் காலத்திலிருந்து சேரிக்குச் சொல்லப்பட்டு வரும் பதில்தான்.

புரியாமல் என்ன? பணக்கார நாடுகள் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. 2022இல்தான் அந்தத் தொகை நிறைந்தது. அந்த ஆண்டு அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்ததில் 69 சதவீதம் கடன். புகை விட்டவன் வட்டிக்குக் கொடுக்கிறான்; இருமுகிறவன் வட்டி கட்டுகிறான். வெளிநாட்டுக் கடனை அதே நிபந்தனைகளோடு மாநிலங்கள் தலையில் இறக்கி வைப்பது 2005 முதல் மத்திய அரசின் வழக்கம். டாலர் ஏறினால் ஏறுகிற பாரம் தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு. சேரிக்காரன் டீத்தூளுக்கும் சோப்புக்கும் கட்டுகிற வரியும் அந்தக் கஜானாவில்தான் விழுகிறது.

இப்போது நம்ம பக்கம் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எல்லாம் கழனியும் தாங்கலும் மேய்க்காலுமாகக் கிடந்த பூமி. இன்று கார், டயர், செல்போன் கம்பெனிகள். கம்பெனிகளை இழுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசுக்கு ஜப்பானின் ஜைக்கா 2013இல் 1,300 கோடி யென் கடன் கொடுத்தது. சென்னை–கன்னியாகுமரி தொழில்தடத்துச் சாலைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 48.4 கோடி டாலர் கொடுத்தது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் சாலைகளாம். சாலை தாங்கும், சரி. மேடாக்கிப் போட்ட சாலையில் முட்டுகிற தண்ணி எங்க போவும்? பள்ளத்துக்குத்தான் போவும். பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்று எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும் கைநீட்டிக் காட்டுவான்.

அடையாறு இந்தப் பக்கத்தில்தான் பிறக்கிறது, மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியில். மேலே மழையைக் குடிக்கிற மண்ணைச் சிமெண்டால் மூடினால் கீழே ஆறு வீங்கும். 2015 டிசம்பரில் வீங்கியது. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதும் சேர்ந்துகொண்டது. பிறகு ‘ஆபத்தான இடம்’ என்று ஆற்றோரக் குடிசைகளைப் பிய்த்து, சனங்களைப் பெரும்பாக்கத்துக்கும் குடப்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் லாரியேற்றினார்கள். இந்த நாவலூர் ஓ.எம்.ஆர். நாவலூர் இல்லை, நம்ம ஒரகடம் பக்கத்து நாவலூர். அதே அடையாற்றின் மேலே விமானத்தின் ஓடுபாதை போகிறது. 2015இல் அதுவும் முழுகியது. அதை யாரும் ஆபத்தான இடம் என்று பிய்க்கவில்லை.

அப்போது அரசுப் பணம். 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டு ஏழைகளின் வீட்டுவசதிக்கென்று 15 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆபத்தான இடங்களில் இருக்கும் சுமார் 6,000 குடும்பங்களை மாற்றிக் குடியமர்த்துவது அதில் ஒரு வேலை. நகரத்துக்கு வெளியே தள்ளுவதற்கு ‘காலநிலைத் தகவமைப்பு’ என்று புதுப் பேரும் கிடைத்துவிட்டது. பழைய பேர் நமக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய விசயம் நிலம். மிராசுதார்கள் பறையர்களை ஒரு குழிகூட அனுபவிக்க விடவில்லை என்று 1891இல் அறிக்கை எழுதிய கலெக்டர் திரமென்ஹீர் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர்தான். 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலம் எங்கே என்று காரணையில் கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக்கொன்றது.

சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்க வருகிறவன் பட்டாவைப் பார்க்கிறான். பஞ்சமி நிலம் கைமாறிப்போன ஊரில் பட்டா யார் பெட்டியில் இருக்கும்? இழப்பீடு அந்தப் பெட்டிக்குப் போகும். பறிகொடுத்தவன் ‘நிலமற்றோர்’ கட்டத்தில் ஒரு எண்ணாகி விடுகிறான். நூறு வருசத் திருட்டு ஒரே காசோலையில் வெளுத்துவிடுகிறது.

மேலே சொன்ன ஆசிய வங்கிக் கடன்களுக்குப் பொருந்திய 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கையில் நலிந்தோர் பட்டியல் ஒன்று உண்டு: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர், நிலமற்றவர், முதியோர், பெண்கள், குழந்தைகள், பழங்குடியினர், பட்டா இல்லாதவர். சாதி என்ற சொல் அதில் இல்லை. இங்கே கணக்கெடுக்கும்போது எஸ்.சி. குடும்பம் எத்தனை என்று ஒரு கட்டம் போடுகிறார்கள், மறுக்கவில்லை. தலையை எண்ணுகிறார்கள். நிலம் எப்படிப் போனது என்று கேட்கக் கட்டம் இல்லை.

அப்போ கடனே வேணாமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். மழைநீர்க் கால்வாய் வேண்டும். வெயிலில் தார் ஊற்றுகிறவனுக்கு நிழலும், வேலை நிறுத்தப்பட்ட நேரத்துக்குக் கூலியும் வேண்டும். காலனிக்குப் போகிற பாதை முழுகாமல் இருக்க வேண்டும். இவற்றுக்கு வருகிற பணம் மானியமாக வரட்டும். கடன்தான் என்றால், கையெழுத்துக்கு முன்னால் தடம் போகிற ஒவ்வொரு ஊரிலும் பஞ்சமி நிலத்தைத் தணிக்கை செய்து, காலனிச் சனத்துக்கு எதிரில் படித்துக் காட்டட்டும்.

நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நர்மதைச் சனங்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் உலக வங்கி 1993இல் விசாரணைக் குழு வைத்தது. ஆசிய வங்கியிலும் புகார் முறை உண்டு. பாதிக்கப்பட்டவர் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம். சர்வே கல் நட ஆள் வருவதற்கு முன்னால் அ-பதிவேட்டு நகலை எடுத்து வையுங்கள். நகல் கிடைக்கவில்லை என்றால், மறுத்த தேதியையும் ஆபீசின் பேரையும் குறித்து வைத்து அதையும் புகாரில் சேருங்கள்.