கம்பி இழுக்கும் முன் கரையைக் கேளுங்கள்



தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் காற்றாலைகள் நட்டார்கள். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இப்போது வரும் 3 மெகாவாட் காற்றாலை ஒன்றே அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றுக்குச் சமம்.

ஆலை வளர்ந்த வேகத்தில் மின்கம்பி வளரவில்லை. தமிழகத்தை மின்வெட்டு வாட்டிய 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட, கச்சான் காற்று வலுத்த மாதங்களில், மின்சாரத்தைக் கொண்டுபோக வழியில்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்தார்கள். ஊரெல்லாம் இருட்டு, இங்கே சுழலத் தயாராக இருந்த இறக்கைகள் சும்மா நின்றன. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சூரிய மின்பண்ணையை ஒன்றிரண்டு ஆண்டில் முடித்துவிடலாம். டவர் லைன் அப்படியல்ல. அளவை, வனத்துறை அனுமதி, நில உரிமையாளர் ஒப்புதல், வழக்கு என்று நான்கைந்து ஆண்டு ஓடிவிடும். ஆகவே ஆலைக்கு அனுமதி தரும் முன்பே கம்பிக்குத் திட்டம் வேண்டும். தேவையும் கூடுகிறது: 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் தொழிற்சாலை வந்துவிட்டது, வ.உ.சி. துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையமாகிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும்.

அடுத்தது கடல். மன்னார் வளைகுடாவில் 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு உதவும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டமோ, தமிழகக் கடலிலிருந்து 5,000 மெகாவாட்டுக்குக் கம்பி வழி வகுத்திருக்கிறது. அந்த மின்சாரம் கடலடிக் கேபிள் வழியாகக் கரையேறி, டவர் டவராக உள்நாடு போக வேண்டும்.

அந்தக் கேபிள் போகும் கடல், 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவை ஒட்டியது. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும், சங்கு குளிப்பவர்கள் இன்றும் அங்கே இறங்குகிறார்கள். எந்தக் கடலடிப் பார் எங்கே, எங்கே மணல், எங்கே பவளம் என்பது அவர்களுக்குத் தெரியும். வழித்தடம் வரையும் மேசையில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். வரைந்து முடித்தபின் நடத்தும் கருத்துக்கேட்பை நான் கேட்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கரையிலும் அதே நியாயம்தான். டவர் நிற்கும் நிலத்தை அரசு வாங்குவதில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தில் கம்பி போகிறது. டவர் அடிக்கு நில மதிப்பில் இரு மடங்கு, கம்பி கடக்கும் பாதைக்கு 30 சதவீதம் இழப்பீடு என்று மத்திய மின்துறை 2024 ஜூனில் வழிகாட்டியது. உப்பளத்துக்காரருக்கும் பனங்காட்டுக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் முன்கூட்டியே ஒட்டுவதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.

உங்கள் நிலத்திலோ அளத்திலோ டவர் நிற்கிறதா? யார் வந்து கேட்டார்கள், எப்போது, என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். கடலில் இறங்குபவர்கள் பார்களைப் பற்றி எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம், மின்வாரியத்துக்கும் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்