விஎம்முக்கு ஒப்படைக்கும் கருவிகளில் வரும் மெமரி பிழைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

கீழப்பாவூர், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் கல்லூரி ஆய்வகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கணினி பராமரித்துத் தருபவர்கள் நாங்கள். எங்கள் தொழிலில் பரவிவரும் ஒரு பழக்கத்தை எதிர்த்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். கிராபிக்ஸ் கார்டையோ நெட்வொர்க் கார்டையோ ஒரு விஎம்மிடம், அதாவது மெய்நிகர் கணினியிடம், நேரடியாக ஒப்படைக்கும் பாஸ்த்ரூ அமைப்பில் மெமரி மேப்பிங் பிழை வந்தால், காரணத்தைத் தேடாமல் எங்கோ கிடைத்த பூட் கட்டளையைச் சேர்த்துப் பிழைச் செய்தியின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

இது பெருநகரத்து டேட்டா சென்டர்களின் கவலை மட்டும் அல்ல. 2011இல் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் திறந்த பிறகு, ஊரில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை இங்கே வேர்விட்டது. அந்த நம்பிக்கையோடு படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுப்பது எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. ஒரே சர்வரில் சில கார்டுகளைப் போட்டு விஎம்களுக்குப் பிரித்துத் தருவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அப்படித் தரும்போது ஒருவருடைய விஎம் இன்னொருவருடைய மெமரியைத் தொடாது என்ற உறுதியும் வேண்டும்.

கார்டு, பிராசஸரைக் கேட்காமலே மெமரியில் எழுதும், படிக்கும். விஎம்முக்குள் இருக்கும் முகவரி ஒன்று. உண்மையான ராமில் அதன் இடம் வேறொன்று. இடையில் நின்று முகவரியை மாற்றிக் கொடுக்கும் வன்பொருள்தான் ஐஓஎம்எம்யு. 2012இல் வந்த லினக்ஸ் 3.6 முதல் அதற்கான அட்டவணையை எழுதித் தருவது கெர்னலின் விஎஃப்ஐஓ பகுதி. அட்டவணையில் ஒரு வரியை எழுத முடியாதபோதுதான் மேப்பிங் பிழை வருகிறது. இந்த இடத்துக்கு இந்தக் கார்டை அனுப்ப முடியாது என்று கெர்னல் வெளிப்படையாகச் சொல்லும் தகவல் அது.

நாங்கள் அதிகம் பார்ப்பது, கார்டின் பார் பகுதியை, அதாவது அதன் மெமரிக்கான முகவரி இடத்தை, ஒதுக்க முடியவில்லை என்ற செய்தி. ஒரே கார்டுதான் கணினியில் இருக்கிறது, பூட் ஆகும்போது திரையும் அதிலேயே ஓடுகிறது என்றால், திரைக்கான ஃபிரேம் பஃபர் அந்தக் கார்டின் முகவரியில் முன்பே உட்கார்ந்திருக்கும். பிராக் கோப்பகத்தில் உள்ள ஐஓமெம் கோப்பை ரூட்டாகத் திறந்து பாருங்கள்; சாதாரணப் பயனராகத் திறந்தால் முகவரி எல்லாம் பூஜ்யமாகத்தான் தெரியும். கார்டின் பெயருக்குக் கீழே, உள்தள்ளிய வரியில், இஎஃப்ஐஎஃப்பி என்றோ பூட்எஃப்பி என்றோ இருந்தால் இடத்தைப் பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். பழைய கெர்னலில் இஎஃப்ஐஎஃப்பியை அணைத்தால் போதும். புதிய கெர்னல்களில் அந்த இடத்தை வேறு டிரைவர் எடுத்துக்கொள்வதால் அதே கட்டளை பலிப்பதில்லை. பரிகாரத்தை மனப்பாடம் செய்வதைவிட அந்தக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது மேல். திரைக்கு மலிவான இன்னொரு கார்டு போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பெரிய மெமரி கொண்ட கார்டுக்கு 4 ஜிபிக்குக் கீழே இடம் போதாது. பயோஸில் அபவ் 4ஜி டிகோடிங்கை இயக்க வேண்டும். மெமரியைப் பூட்ட முடியவில்லை என்ற பிழை வந்தால், அந்த விஎம்முக்குக் கொடுத்த ராம் அளவுக்கும் சற்று மேலாக மெம்லாக் வரம்பை உயர்த்தினால் போதும். அதற்காக முழு விஎம்மையும் ரூட்டாக ஓட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

சரியான திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு உலக அளவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஏஎம்டி சர்வர்களில் 1 டெராபைட் எல்லைக்குச் சற்றுக் கீழே 12 ஜிபி முகவரி வன்பொருளுக்கென ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 1 டெராபைட் ராம் கொடுத்த விஎம்கள் அந்த இடத்தையும் தங்களுடையதாக நினைத்தன. லினக்ஸ் 5.4 முதல் கெர்னல் இந்த மோதலைக் கண்டு மேப்பிங்கை மறுக்கத் தொடங்கியது. அதுவரை ஓடிய விஎம்கள் நின்றன. கெர்னலின் சோதனையை நீக்குவது சுலபமாக இருந்திருக்கும். விஎம்களை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவின் உருவாக்குநர்கள் அந்த வழியில் போகவில்லை. 2022இல் வந்த 7.1 பதிப்பில், விஎம்மின் மேல் மெமரியையே 1 டெராபைட்டுக்கு அப்பால் நகர்த்தி வைத்தார்கள்.

நாங்கள் முழுமையாக எதிர்ப்பது ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்சை. ஒரே பிசிஐ சுவிட்சின் கீழ் உள்ள கருவிகள் ஐஓஎம்எம்யுவுக்குத் தெரியாமல் தங்களுக்குள் தரவை மாற்றிக்கொள்ள முடியும். அதனால்தான் கெர்னல் அவற்றை ஒரே குழுவாக வைத்து, மொத்தமாக ஒரு விஎம்முக்கே தருகிறது. இந்த பேட்ச், அவை தனித்தனி என்று கெர்னலை நம்ப வைக்கிறது. புல வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு வயலில் வரப்பு கட்டாமல் விட்டது போலத்தான்: தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகும். 2013இல் முன்மொழியப்பட்ட இந்த பேட்ச் லினக்ஸ் மூலத்தில் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தன் வீட்டில், தன் ஒருவருக்கான கணினியில் தெரிந்தே போட்டுக்கொள்பவரை நாங்கள் தடுக்க மாட்டோம். மாணவர் நாற்பது பேர் பகிரும் சர்வரில் போடுவது அவர்கள் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம்.

கல்லூரிகளிடமும் அரசு அலுவலகங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: டெண்டரில் ராம் அளவையும் பிராசஸர் பெயரையும் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். வாங்கப்போகும் மதர்போர்டில் ஐஓஎம்எம்யு குழுக்கள் எப்படிப் பிரிகின்றன என்ற பட்டியலை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தவறான போர்டை வாங்கிவிட்ட பிறகு அதைத் திருத்த மென்பொருளில் நேர்மையான வழி கிடையாது. எங்கள் பங்குக்கு, பராமரிப்புக்கு எடுக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் அந்தப் பட்டியலையும் நாங்கள் சேர்த்த பூட் கட்டளைகளையும் தமிழில் விளக்கி அச்சிட்டுக் கொடுப்போம். ஓவர்ரைடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்கும் பொதுக் கணினி வேலைகளை ஏற்க மாட்டோம்.