வாசல் திறந்தால் நம் பிள்ளைகளும் நுழைவார்கள்



"நான் நடிக்கப் போகிறேன்" என்று உங்கள் மகள் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? "நம்ம நிறத்துக்கு யார் வேஷம் கொடுப்பா? பேசாம படி" என்பதுதான் நம் வீடுகளில் அதிகம் கேட்கும் பதில். கிராஞ்சிப் பக்கம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, விடிந்தபின் வீடு திரும்பும் தகப்பனுக்கு அந்தப் பயம் இருப்பது நியாயமே. ஆனால் குறை பிள்ளையின் நிறத்தில் இருக்கிறதா, அல்லது சாத்திய கதவில் இருக்கிறதா? கனடாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2001 டிசம்பர் 28ஆம் தேதி மிசிசாகா நகரில் பிறந்தார். பெற்றோர் இலங்கையில் நடந்த போருக்குத் தப்பி, அகதிகளாகக் கனடா சென்ற தமிழர்கள். பள்ளி நாடகங்களில் நடித்ததுதான் அவருக்கு இருந்த அனுபவம். எந்தப் படத்திலும் எந்தத் தொடரிலும் தலைகாட்டியதில்லை.

2019ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் மிண்டி கேலிங், தம் புதிய தொடருக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக நடிக்க ஆள் தேவை என்று பகிரங்கமாக அறிவித்தார். முன் அனுபவம் கேட்கவில்லை. சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தோழி சொல்லி விஷயம் அறிந்த மைத்ரேயி, அம்மாவின் கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளூர் நூலகத்தில் நடித்துப் பதிவு செய்து அனுப்பினார். 17 வயதில் அவரே தேர்வானார். 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர் 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்து, 2023 வரை நான்கு பருவங்கள் ஓடியது. 2022ல் 'டர்னிங் ரெட்' படத்தில் குரல் கொடுத்தார். 2025ல் 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' படத்தில் நடித்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். மிண்டி கேலிங்கின் தந்தை தமிழர். குடும்பப் பெயர் சொக்கலிங்கம். மேடையில் அறிவிப்பவர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை என்பதால் அதை வெட்டி 'கேலிங்' ஆக்கிக்கொண்டவர் அவர். அவர் திறந்த கதவு வழியாக வந்த பெண்ணோ மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்ற முழுப் பெயரோடு திரையில் நிற்கிறார். முன்னே போனவர் பெயரைக் குறைத்துக்கொண்டு நுழைந்தார், பின்னே வந்தவர் தலை நிமிர்ந்து நுழைந்தார். உரிமை என்பது இப்படித்தான் கைமாறி வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே 2019ல் சிங்கப்பூரில் மின்கட்டண முறைக்கு ஒரு விளம்பரம் வந்தது நினைவிருக்கும். ஒரே சீன நடிகர் நான்கு வேடம் போட்டார். அதில் ஒன்று, முகத்துக்குக் கறுப்பு பூசி, 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை மாட்டிய இந்தியர் வேடம். எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் வேடத்துக்கு 15,000 பேரைப் பார்த்தார்கள். தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் இந்நாட்டிலோ, முத்துசாமியாக நிற்க ஓர் இந்தியரைக் கூடக் கூப்பிடவில்லை!

"நமக்குத்தான் வசந்தம் இருக்கிறதே" என்பீர்கள். 2008 முதல் அது தனி ஒளிவழியாக நடப்பது நமக்குப் பெருமையே. ஆனால் நம் பிள்ளைகளின் இடம் அந்த ஓர் அறை மட்டும்தானா? ஆங்கிலத் தொடரில் மருத்துவராகவும், விளம்பரத்தில் பக்கத்து வீட்டு அம்மாவாகவும் அவர்கள் ஏன் வரக்கூடாது?

ஆகவே இரண்டு வேண்டுகோள். தயாரிப்பாளர்களிடம் நாம் சலுகை கேட்க வேண்டாம், திறந்த தேர்வு கேட்போம். நம் முகத்தை இன்னொருவர் பூசிக்கொண்டு வந்தால், சிரித்துவிட்டு ஒதுங்காமல் எழுதிக் கேட்போம்.

வீட்டில், பிள்ளை பள்ளி நாடகத்தில் சேர ஆசைப்பட்டால் கையெழுத்துப் போடுங்கள். படிப்பு போய்விடுமே என்ற கவலை வேண்டாம். மைத்ரேயியும் படிப்பை விட்டுவிடவில்லை. யார்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கக் கிடைத்த இடத்தைத் தள்ளிவைத்தவர், பிறகு அங்கேயே மனித உரிமைப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

கதவைச் சாத்த வெளியில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை நம் வீட்டுக்குள் நாமே செய்ய வேண்டாம்.