மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய்: மாத்திரையே போதுமா?

'மூளைக்குப் பரவிடுச்சுன்னா அவ்வளவுதான்' என்றுதான் பல குடும்பங்கள் நினைக்கின்றன. எல்லோருக்கும் அப்படி இல்லை.

என்ன சிக்கல்?
ரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இயற்கைத் தடுப்பு ஒன்று உண்டு. பல கீமோ மருந்துகளை அது எளிதில் உள்ளே விடாது.

என்ன மாறியது?
கட்டியில் 'ஏஎல்கே' மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கான லோர்லாட்டினிப் மாத்திரை அந்தத் தடுப்பைத் தாண்டுகிறது. மூளைக்குப் பரவியவர்களும் பங்கேற்ற 'கிரவுன்' ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. 5 ஆண்டுகள் கழித்தும் 60% பேருக்கு நோய் முற்றவில்லை. பழைய கிரிசோட்டினிப் எடுத்தவர்களில் இது 8%தான். மரபணு மாற்றம் இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரை கைகொடுக்காது.

என்ன கேட்கணும்?
முழு மூளைக் கதிர்வீச்சு நினைவாற்றலைப் பாதிக்கலாம். அதனால், அவசரம் இல்லையெனில் முதலில், 'ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சா டாக்டர்?' என்று கேளுங்கள்.