சகஜம் என்கிற சொல்

ஏழாம் மாதத்தில் இடுப்பில் வலி பிடித்தது. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்தினால் எலும்பு விண்டுபோவது போலிருக்கும். மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “குழந்தை நல்லா இருக்கும்மா, வலியெல்லாம் சகஜம்” என்றார். “நாங்கல்லாம் பெத்துக்கலையா?” என்றார் மாமியார்.

நானே தேடித்தான் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். வயிறு முன்தள்ளத் தள்ள முதுகு எப்படி வளைந்து ஈடுகட்டுகிறது, மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் ஏன் தளர்கின்றன என்று அவர்தான் விளக்கினார். முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்; சில பயிற்சிகளைக் கற்றுத்தந்தார். வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் தூக்கம் திரும்பி வந்தது.

தமிழ் படித்தவள் சொல்கிறேன்: சகஜம் என்றால் பலருக்கும் வருவது என்றுதான் பொருள், சிகிச்சை தேவையற்றது என்று பொருளில்லை. பல்வலிகூடச் சகஜம்தான். அதற்காக யாரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வதில்லையே!

கர்ப்பகால முதுகுவலிக்கான வழிகளில் ஒன்றாக, உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே பிசியோதெரபியைச் சொல்லிவிட்டது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கர்ப்பிணிகளின் பரிசோதனை நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கட்டும்.

‘பத்து மாதம் சுமந்தவள்’ என்று மேடைதோறும் உருகுகிறார்கள். சுமந்த முதுகை யாரும் விசாரிப்பதில்லை. தோழி, குழந்தை நலம் என்றதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிடாதே. “எனக்கு வலிக்கிறது, யாரிடம் அனுப்புவீர்கள்?” என்று கேள்.