சிவப்புப் பெட்டிக்கு வருடச் சந்தா

ஆன்டிவைரஸ் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால், குமாஸ்தாவாக முப்பது வருடம் குறிப்பு எழுதிய கைக்கு அழகில்லை.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு நான் எழுதவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம், ஹாலில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, கரண்டு பில் கட்டி, பாஸ்புக் பார்த்து, வெளிநாட்டில் இருக்கும் பேரனிடம் முகம் பார்த்துப் பேசுகிற என் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். வருடா வருடம் பென்ஷனிலிருந்து ஒரு தொகையை இதற்கென்று எடுத்து வைக்கிறோம். எதற்கு என்று கேட்டால், "போடலேன்னா வைரஸ் வந்துடும் சார்" என்று கடைக்காரப் பையன் சொன்னான் என்பதைத் தவிர நம்மிடம் பதில் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் "திருடர்கள் ஜாக்கிரதை" என்று போலீஸ் போட்டோ ஒட்டி வைத்திருக்கும் பலகை ஞாபகம் இருக்கிறதா? ஆன்டிவைரஸின் பழைய வேலை அதுதான். தெரிந்த திருடனின் போட்டோவை வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இப்போது நடவடிக்கையைப் பார்த்தும் சந்தேகப்படுகிறது. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய ஓர் ஆள் வீட்டோடு கூடவே வருகிறான். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் காசு கிடையாது. ஆரம்பத்தில் அது சோப்ளாங்கிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்ற பரிசோதனைக்கூடம் நடத்தும் சோதனைகளில் சில வருடங்களாகவே அது காசு வாங்குகிறவர்களோடு சமமாக முன்வரிசையில் நிற்கிறது. ஃபயர்வால் கதையும் அப்படியே. 2004-ல் எக்ஸ்பி-க்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கிலிருந்து, அது தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஃபயர்வாலுக்கு அங்கே 'பார்-ஃபெ' என்பார்கள். தீ பரவாமல் இருக்கக் காட்டின் நடுவே மரங்களை வெட்டி விடுகிற வெற்றுப் பட்டைக்கும் அதே பெயர். எனக்கு அந்தப் படம்தான் சரியாகப் படுகிறது. வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிறவன் தாண்ட முடியாத இடைவெளி அது, அவ்வளவுதான். நாமே கதவைத் திறந்து "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டவனை அது என்ன செய்யும்?

இங்கேதான் என் கோபம். காசு போகிறது என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அந்த மென்பொருள்கள் நம்மிடம் பேசும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி குதிக்கும். "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது." மறுநாளும் வரும். மூடினால் "ஆபத்தோடு தொடரவா?" என்று கேட்கும். வருடக்கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சிவப்புப் பெட்டி வந்தால் பயப்பட வேண்டும், அது சொல்கிறபடி செய்ய வேண்டும். மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை ஐயா. அதே சிவப்பு, அதே பெட்டி, அதே வாசகம். கீழே ஒரு போன் நம்பரை மட்டும் சேர்த்துக்கொண்டான்.

காலடிப்பேட்டையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரர், அந்த நம்பருக்குப் போன் செய்தார். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் அவர் கணினியில் இருந்தது, சந்தாவும் பாக்கி இருந்தது. எதிர்முனையில் பேசியவன் மரியாதையாக, "நான் சொல்ற செயலியை இறக்குங்க அங்கிள்" என்றான். வேறு ஊரிலிருந்து நம் திரையை இயக்க உதவுகிற செயலி அது. அலுவலகங்களில் நியாயமாகப் பயன்படுகிற பொருள் என்பதால், அவர் வாங்கி வைத்திருந்த காவலாளி வாயே திறக்கவில்லை. பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னான், ஓடிபி கேட்டான். அரை மணி நேரத்தில் மகள் சீமந்தத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் போயிற்று. "ஆன்டிவைரஸ் இருக்குன்னு தைரியமா இருந்தேன்" என்றார். அந்தத் தைரியத்தையும்தான் அவருக்கு விற்றிருந்தார்கள்.

(இப்படி நடந்தால் முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவானே என்று ஒளித்து வைக்காதீர்கள். பணத்தைப் பாதி வழியில் நிறுத்திப் பிடிக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.)

"காவலாளி கூடுதலாக இருந்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். காவலாளியிடம் வீட்டுச் சாவி முழுவதும் இருக்கிறதே! அவாஸ்ட் என்ற பிரபலமான கம்பெனி, பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2024-ல் ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதே வருடம் ஜூலை 19 அன்று, கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு மென்பொருள் கொடுக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வைரஸ் எதுவும் வரவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு வாழ்கிற நமக்குப் புரிகிற இன்னொரு சங்கதி. 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் கிளம்பி, மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கணினிகளை முடக்கியது. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்தில் வேலை நின்றுபோனது. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக உள்ளே வந்து, பரவுவதற்கு விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையையும் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. மே மாதம் உலகத்தைக் கலக்கிய வான்னாக்ரை வந்ததும் அதே ஓட்டை வழியாகத்தான்.

ஆகவே, கூரை ஒழுகினால் ஓட்டை மாற்ற வேண்டும், தார்ப்பாய் வியாபாரியைக் கூப்பிடக் கூடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. "பழைய விண்டோஸா? பரவாயில்லை, நல்ல ஆன்டிவைரஸ் போட்டுத் தர்றேன்" என்று சொல்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காசைச் சேர்த்து வைத்து, விண்டோஸ் 11 ஏறுகிற கணினி வாங்கலாம். அல்லது பழைய கணினியிலேயே இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பாக்கியில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டோக்களையும் பத்திரங்களையும் நகல் எடுத்து வையுங்கள். நம் பேட்டையில் வைரஸ் கொன்ற கணினியை விட உப்புக் காற்று அரித்துக் கொன்ற கணினிதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு எந்த ஆன்டிவைரஸும் கிடையாது.

எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. எம்.சி. ரோட்டில் கடைக் கணக்கைக் கணினியில் வைத்திருப்பவர், நாலு பேர் தொடும் கணினி வைத்திருப்பவர், திருட்டு விளையாட்டுகளை இறக்கும் பேரன் உள்ள வீட்டுக்காரர் தாராளமாகக் காசு கொடுத்து வாங்கட்டும். 1991-ல் தொடங்கிய கே7 நம்ம சென்னைக் கம்பெனிதான், வாங்குவதானால் அதையே வாங்கலாம். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற கம்பெனி கே7 தொழில்நுட்பத்தை வைத்து, வருடச் சந்தாவே இல்லாத ஆன்டிவைரஸை 2006-லேயே விற்றது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் கார்டில் தானாகக் காசு எடுக்கும் அனுமதியை முதலில் ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிக்காதீர்கள். பிறகு செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய்ப் பழைய ஆன்டிவைரஸை முழுவதுமாக நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால் பச்சை டிக் தெரியும். நீக்கும்போது அந்தப் பழைய மென்பொருள் கடைசியாக ஒருமுறை, "உண்மையிலேயே பாதுகாப்பில்லாமல் இருக்கப் போகிறீர்களா?" என்று சிவப்பில் கேட்கும். ஆமாம் என்பதை அழுத்துங்கள்.