பழுது நீக்குபவரும் பதிப்பாசிரியரே

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று கைக்கு வந்தால் நம்மிற் பலர் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். சிலர் உள்ளிருப்பன அனைத்தையும் பிடுங்கியெறிந்து புதிய உறுப்புகளைப் பொருத்திப் ‘புதுப்பித்துவிட்டோம்’ எனப் பெருமிதம் கொள்கின்றனர். இரண்டும் அழிவுச் செயல்களே என்பது நம் கருத்து.

இங்கிலாந்தில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாட் 2’ என்னும் ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கேடி66 வால்வுகளைக் கொண்டு 15 வாட் ஆற்றல் தருவது அது. அதன் உயிர்நிலை டிரான்ஸ்ஃபார்மர். அது எளிதிற் கெடுவதில்லை. காலத்தாற் கெடுவன சிலவே. மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர்கள் உலர்ந்துபோகின்றன. ஒரு வால்வை அடுத்த வால்வோடு இணைக்கும் சிறு கண்டென்சர்கள் கசிகின்றன. அக்கசிவு வால்வின் கிரிட்டை எட்டினால் வால்வு அளவிறந்த மின்னோட்டத்தை இழுத்துத் தானும் கெடும், டிரான்ஸ்ஃபார்மரையும் எரிக்கும். சில ரூபாய் பெறும் உறுப்பைக் கவனியாமையால் பெறுதற்கரிய உறுப்பை இழக்கிறோம்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் செல்லரித்த இடத்தைப் பிற சுவடிகளோடு ஒப்பிட்டு நிரப்புவார். நன்றாயிருக்கும் பாடத்தில் தம் சொல்லைப் புகுத்தமாட்டார். செய்த திருத்தத்தை அடிக்குறிப்பிற் காட்டுவார். பழுது நீக்குபவர்க்கும் அந்நெறியே பொருந்தும். சுற்றுப்படமே அவருக்கு ஒப்புநோக்கும் சுவடி. மீட்டரால் அளந்து, கெட்டதை மட்டும் மாற்றி, கழற்றியதை உறையிலிட்டு, மாற்றிய நாளையும் உறுப்பின் அளவையும் எழுதி வைத்தல் அவரது அடிக்குறிப்பு.

‘நைந்த மின்கம்பியையும் அப்படியே விடுவதோ?’ எனச் சிலர் வினவலாம். அன்று; உயிருக்கு ஊறு செய்வதைத் தயக்கமின்றி மாற்றுதல் வேண்டும். மாணவர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதனை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரால் உறுதிசெய்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

நம் ஊர்களில் மைக்செட் வைத்திருந்தோரும் ஒரு காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர்களையே திருமண வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். அவற்றைச் செப்பனிட்ட கைகள் இன்று முதுமையடைந்துவிட்டன. வால்வுகள் உருசியாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் செய்யப்படுகின்றன; விலை கொடுத்தால் கிடைக்கும். ஆனால் ஓசையைக் கேட்டே நோயறியும் செவியை எங்கே வாங்குவது?

பட்டம் பெற்றோர் அப்பெரியவர்களைக் ‘கடைக்கார மெக்கானிக்’ என ஒதுக்குவது தகாது. அறிவியல் மாணவர் அவர்தம் அருகிருந்து தொழிலைக் கற்கட்டும். தமிழ் மாணவர் அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுக்கட்டும். சுவடி எரிந்த பின் பதிப்பாசிரியரைத் தேடிப் பயனில்லை.